ரப்பர் இலை உதிர்வதிலிருந்து முதல் கோடை மழை வரை: குமரி மாவட்டத்தின் இளவேனில்

கேள்வி இதுதான்: "சென்னையிலிருந்து மாற்றலாகி மார்த்தாண்டம் பக்கம் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. இங்கே வசந்த காலம் என்று தனியாக ஒன்று இருக்கிறதா? எப்போது பார்த்தாலும் பச்சையாகத்தானே இருக்கிறது? பங்குனி, சித்திரையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் என்ன பார்க்கலாம்? அப்புறம், போன சித்திரையில் முதல் மழை பெய்த இரவு வீட்டுக்குள் ஆயிரக்கணக்கில் கருப்பு வண்டுகள் வந்து விழுந்தன. அவை என்ன?"

வண்டைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அந்த வண்டு வீட்டுக்குள் நுழைகிற ராத்திரியோடுதான் எங்கள் ஊரில் இளவேனில் முடிகிறது. அதனால் அதை அதன் இடத்தில் வைத்துச் சொன்னால்தான் புரியும்.

இருக்கிறதா என்றால், நிச்சயம் இருக்கிறது. ஆனால் குளிர் விலகி வெயில் வருவதை வைத்து அதைத் தேடினால் கிடைக்காது. தை மாதத்திலும் இங்கே எந்தச் செடியும் குளிரால் வளர்ச்சியை நிறுத்துவதில்லை. குமரி மாவட்டத்தில் வருடத்தைத் திருப்புவது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அது மார்கழியோடு ஓய்கிறது. அடுத்து ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை. இந்த இரண்டு மழைக்கும் நடுவில் நாலைந்து மாதம் வெயில். அந்த வறட்சியில்தான் மரங்கள் பூக்கின்றன. நனையாத மகரந்தம் கெடாது, பூச்சிகள் தடையில்லாமல் பறக்கும், இப்போது பூத்துக் காய்த்தால் விதை விழும்போது மழை காத்திருக்கும். இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கிற மரங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பூ தூரத்திலிருந்தே தெரியும்.

பழைய இலக்கணப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும். எங்கள் மாவட்டத்தில் அது தையிலேயே கிளம்பிவிடுகிறது. அதிலும் எல்லா இடத்திலும் ஒரே நாளில் வருவதில்லை. மாவட்டம் மொத்தமே சுமார் 1,680 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் கிழக்கே ஆரல்வாய்மொழியில் முள்ளும் பனையும் காய்ந்து நிற்கும்போது, மேற்கே குலசேகரத்தில் வாழைத் தோட்டத்து மண் ஈரமாகவே இருக்கும். ஒரே நாளில் இரண்டு பஸ் மாறினால் இரண்டு பருவத்தைப் பார்த்துவிடலாம்.

நீங்கள் இருப்பது மேற்குப் பக்கம் என்பதால் ரப்பரிலிருந்து தொடங்குகிறேன். இந்த மரம் அமேசான் காட்டிலிருந்து வந்தது. எத்தனையோ காட்டையும் பழைய தோப்புகளையும் எடுத்துக்கொண்டுதான் இங்கே பரவியிருக்கிறது. அந்த வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. இருந்தாலும் இளவேனிலுக்கு இதைவிடத் துல்லியமான கடிகாரம் எங்களிடம் இல்லை. மார்கழிக் கடைசியில் இலை மஞ்சளாகி, செம்பு நிறமாகி உதிரத் தொடங்கும். தையில் திருவட்டாறு, அருமனை, குலசேகரம் சாலைகளில் போனால் தோட்டம் முழுக்க மொட்டை மரங்கள். கீழே முழங்கால் வரை சருகு. கொஞ்ச நாளில் கிளை நுனிகளில் செம்பழுப்பாகப் புது இலை வரும். சோர்ந்துபோன மாதிரி தலைகீழாகத் தொங்கும். பிறகு வெளிர்பச்சையாகி நிமிரும். மாசி பிறக்கும்போது அந்த வெளிர்பச்சை தோட்டத்துக்கு மேல் ஒரு வெளிச்சம் மாதிரி நிற்கும்.

இருபது வருடங்களுக்கு முன்னால் அந்த மாதிரி ஒரு தோட்டத்தில் தேன் பெட்டி வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் போய் நின்றேன். ரப்பர் பூவைப் பார்க்க வேண்டும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். "பூவ என்னத்துக்குப் பாக்கே மக்கா? அதுல ஒண்ணும் இல்ல. எலைக் காம்பப் பாரு" என்றார். ஒரு கொத்தை இழுத்துப் பிடித்துக் காட்டினார். ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளாக இருக்கும். அந்த மூன்றும் காம்போடு சேருகிற இடத்தில் கடுகைவிடச் சின்னதாகப் புடைப்புகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி மினுங்கியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், இனிப்பு. மார்த்தாண்டம் தேன் என்று ஊரெல்லாம் விற்கிறதே, அதில் பெரும்பங்கு இந்த இலைக் காம்புச் சுரப்புதான். ரப்பர் பூ சின்னது, மஞ்சள், இதழே கிடையாது. அதில் வேலை செய்வது கொசுவைப் போன்ற நுண்ணிய ஈக்களும் இலைப்பேனும். தேனீக்கு வேண்டியது இலையில் இருக்கிறது. இலை முற்றிக் கரும்பச்சை ஆனதும் சுரப்பு நின்றுவிடும். அதனால்தான் தேன்காரர்கள் மாசி, பங்குனியில் இவ்வளவு அவசரப்படுகிறார்கள்.

செடி எதற்காக இலையில் தேன் வைக்க வேண்டும்? எறும்புகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டால் இலை தின்னும் புழுக்கள் அண்டாது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நீங்களும் பிள்ளைகளும் ஒரு தாழ்ந்த கிளையைப் பிடித்துப் பத்து நிமிடம் நின்றால் போதும், தேனீ எத்தனை, எறும்பு எத்தனை என்று எண்ணிவிடலாம். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

பெட்டியில் இருப்பது நம் நாட்டு இந்தியத் தேனீதான். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்ற மையம் கற்றுக்கொடுத்த கைத்தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. அது அப்படியே ஊர்த் தொழிலாகிவிட்டது. நியூட்டன் பெட்டி என்று இன்றும் சொல்கிறார்களே, அது திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் வடிவமைத்தது. 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியா முழுக்கப் பரவி, புழுக்கள் பை மாதிரி வீங்கிச் செத்து, பெட்டி பெட்டியாகக் காலியாயின. இப்போது நீங்கள் பார்க்கும் கூடுகள் அந்த அழிவில் தப்பிய கூடுகளின் வழிவந்தவை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்து மணல் மணலாகும். சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். அது அந்தத் தேனின் குணம்.

மரம் வேண்டும் என்றால் கொன்றையைப் பாருங்கள். இங்கே கணிக்கொன்னை என்பார்கள். சித்திரை ஒன்றாம் தேதி விஷுக்கனியில் வைப்பதற்காக. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் தலமரமே கொன்றைதான், கொன்றையடி என்று தனிச் சன்னதியே உண்டு. பூச்சரத்தைத் தூரத்திலிருந்து பார்த்து ரசிக்கிறவர்கள் ஆயிரம் பேர். நீங்கள் ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மகரந்தத் தாள்கள் பத்து இருக்கும். மூன்று நீண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும், நான்கு நடுத்தரம், மூன்று இருக்கிறதே தெரியாத அளவுக்குச் சின்னது. தேன் கிடையாது. இந்தப் பூ கொடுக்கும் கூலியே மகரந்தம்தான்.

காலை ஏழு மணிக்கு மரத்தடியில் நின்று காதைக் கொடுங்கள். கட்டைவிரல் அளவு கருவண்டு ஒன்று, ஊதா மினுக்கும் சிறகோடு, கனத்த சத்தத்துடன் வரும். வண்டு என்று நாம் சொன்னாலும் அது தேனீ இனம். பட்டுப்போன கிளையிலும் வீட்டுக் கைமரத்திலும் துளை போட்டுக் குடியிருக்கும் தச்சுத் தேனீ. பூவைக் கட்டிப்பிடித்ததும் அதன் சத்தம் சட்டென்று மாறும். பறக்கும்போது 'ம்ம்ம்' என்று இருந்தது, பூவில் உட்கார்ந்ததும் 'ஈஈங்' என்று மேலே ஏறும். அப்போது சிறகு அசையாது. பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கிறது. அந்த அதிர்ச்சியில் தாள்களிலிருந்து மகரந்தம் தூளாகக் கொட்டும். நடுத்தரத் தாள்களிலிருந்து வருவதை அது சாப்பாட்டுக்குச் சுருட்டிக்கொள்ளும். வளைந்த நீளத் தாள்களிலிருந்து வருவது அதன் உடம்பில் கைக்கு எட்டாத இடத்தில் ஒட்டி, அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். இதை முதன்முதலில் கவனித்த அன்று நான் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். இன்றைக்கும் கொன்றைக்குக் கீழே போனால் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தம் மாறுவதைத்தான் முதலில் கேட்பேன்.

வீட்டுத் தோட்டத்திலேயே நிறைய நடக்கும். மாவில் பூ முடிந்து செங்கவருக்கை பிஞ்சு விட்டிருக்கும். மாம்பூவில் தேனீயைவிட ஈக்கள்தான் அதிகம் வேலை செய்கின்றன. வீட்டு ஈ மாதிரி இருக்கிறதே என்று விரட்ட வேண்டாம். கொல்லா (முந்திரி) மரத்தில் இலையைச் சேர்த்துத் தைத்த முசிறு எறும்புக் கூடு இருந்தால் அதையும் விட்டுவையுங்கள். பூவையும் தளிரையும் உறிஞ்சிக் கருகவைக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சியை அது பிடித்துத் தின்னும். அந்தக் கூட்டைத் தைக்க நூல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வளர்ந்த எறும்புக்கு நூல் வராது. ஒரு கூட்டம் இரண்டு இலையை இழுத்துப் பிடித்திருக்க, இன்னொன்று தன் புழுவை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அந்தப் புழு விடும் பட்டு நூலால் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகத் தைக்கும்.

தெற்றிப்பூ (இட்லிப்பூ) பூத்திருந்தால் கையகலத்தில் கருப்பும் மஞ்சளுமான ஒரு பட்டாம்பூச்சி வந்து, உட்காராமல் சிறகடித்துக்கொண்டே தேன் குடிக்கும். இந்தியாவின் மிகப்பெரிய பட்டாம்பூச்சிகளில் அதுவும் ஒன்று. அதன் புழுவுக்கு ஈஸ்வரமூலி இனத்துக் கொடிகள்தான் சாப்பாடு. வேலியில் தானாக முளைத்த அந்தக் கொடியைக் களை என்று பிடுங்கிவிட்டால் அந்தப் பட்டாம்பூச்சியும் அந்தத் தெருவில் இருக்காது.

பறவைகளில் குயிலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. வசந்தம் வந்தால் குயில் வருகிறது என்று. அது எங்கும் போவதில்லை. வருடம் முழுக்க இங்கேதான் இருக்கிறது, வாயைத் திறக்காமல். காக்கை கூடுகட்டும் காலம் நெருங்குவதால் பங்குனியில் கூவத் தொடங்குகிறது. முட்டை வைக்கக் காக்கைக் கூடு வேண்டுமே. கூவுகிறது ஆண், முழுக் கருப்பு, சிவப்புக் கண். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். இதற்கு நடுவே பட்ட முருங்கைக் கிளையில் குக்குறுவான் துளைபோடும். அயனிச்சக்கை பழுக்கும்போது அணிலுக்கு முன்னால் அதுதான் போய் நிற்கும். வாசல் விளக்கு ஒயரில் தேன்சிட்டு கூடு தொங்கவிடும். சிலந்தி நூலால் பின்னி, வெளியே பட்டைத் துணுக்கும் புழு எச்சமும் ஒட்டி, குப்பை தொங்குகிற மாதிரியே செய்து வைக்கும். வெள்ளையடிக்கும்போது ஒட்டடை என்று நினைத்து அதைத் தட்டிவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒருமுறை அப்படி நடந்துவிட்டது. உள்ளே இரண்டு முட்டை இருந்தது. அதிலிருந்து மாசி தொடங்கினால் வாசல் பக்கம் துடைப்பம் எடுக்க யாரையும் விடுவதில்லை.

ஆறுமணிக்குருவியைத் தெரியுமா? பச்சை முதுகு, நீலச் சிறகுத் திட்டு, அடிவயிறு சிவப்பு, வால் இல்லாத மாதிரி ஒரு குட்டை உருவம். ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து நம் தோட்டத்துச் சருகில் குளிர்காலத்தைக் கழிக்கும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். பகலெல்லாம் சருகைப் புரட்டிப் புழு தேடும், கண்ணில் படவே படாது. சித்திரை முடிவதற்குள் மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் கூடுகட்டக் கிளம்பிவிடும். நம் ஊர் இளவேனிலில் எனக்கு மிகவும் பிடித்ததும் கொஞ்சம் சங்கடப்படுத்துவதும் இதுதான். நமக்குப் பூக்கிற காலம், அவற்றுக்குப் புறப்படுகிற காலம். வெற்றிலைக் கொடிக்காலில் நடை பழகும் கொடிக்கால் வாலாட்டி, கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான் எல்லாம் பங்குனியில் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் காணாமல் போகும். வந்த நாளை எல்லோரும் கவனிப்பார்கள். போன நாள் யாருக்கும் தெரியாது. கடைசியாகக் கேட்ட தேதியை நான் காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

குளங்களுக்குப் போவதாக இருந்தால் சுசீந்திரம், தேரூர், வேம்பனூர். சுசீந்திரம் தேரூர் சதுப்புநிலமும் வேம்பனூரும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. முன்னது சுமார் 94 ஹெக்டேர், பின்னது 20 ஹெக்டேர்கூட இல்லை. சின்ன இடம்தான். அதனாலேயே பிள்ளைகளோடு போக வசதி, கரையில் நின்றே எல்லாவற்றையும் பார்க்கலாம். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து எல்லாம் பங்குனிக்குள் கிளம்பிவிடும். நீங்கள் தேட வேண்டியது தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி. குளிர்காலத்தில் மங்கிய பழுப்பில் இருந்த பறவை இப்போது உடை மாற்றும். பிடரி தங்க நிறமாகும், வால் வளர்ந்து வளர்ந்து உடம்பைவிட நீளமாகும். இதில் பெண்தான் பெரிது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆணோடு சேரும். முட்டையிட்டு ஆணிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்.

குளத்தைச் சுற்றிய வயலையும் பாருங்கள். கும்பப்பூ என்ற நெல் போக அறுவடை மாசியில் முடிந்திருக்கும். சித்திரையில் அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு உழவு தொடங்கும்போது டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் ஓடும். வெள்ளைக் கொக்கின் தலையும் கழுத்தும் காவி நிறமாகியிருக்கும். நோயோ சேறோ இல்லை, அதன் இனப்பெருக்க கால இறகு.

நிறம் மாறுவதை உச்சத்தில் பார்க்க வேண்டும் என்றால் புத்தளம் உப்பளத்துக்குப் போங்கள், பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயல் பக்கத்திலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் மாவட்டத்தில் பங்குனி மாதத்துக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. காலை ஏழு மணிக்குள் போய், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி வரப்பில் நில்லுங்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு, பாத்தி வரப்பு இடியாமல் நடங்கள். முழங்கால் ஆழம்கூட இல்லாத உப்புத் தண்ணீரில் பெருகும் ஈப் புழுவையும் சிற்றுயிர்களையும் தின்று, கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், உப்புக்கொத்தி எல்லாம் கொழுப்பு ஏற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கொழுப்புதான் பயணத்துக்குப் பெட்ரோல். மார்கழியில் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்து நம்மைக் குழப்பியவை, இப்போது ஒவ்வொன்றாகத் தனித்தனியாகத் தெரியும். வளைமூக்கு உள்ளானுக்கு மார்பிலும் வயிற்றிலும் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஏறும். ஒரே கூட்டத்தில் முழுச் சாம்பல் ஒன்று, பாதி சிவந்தது ஒன்று, முழுக்கச் சிவந்தது ஒன்று. உப்புக்கொத்தியில் ஒரு வகை, நெஞ்சில் ஆரஞ்சுப் பட்டையும் கண்ணில் கருப்பு முகமூடியும் போட்டுக்கொள்ளும். வளைமூக்கு உள்ளான் போவது சைபீரியாவின் வடகோடித் துந்திரப் பிரதேசத்துக்கு. உப்புக்கொத்தி போவது திபெத் பீடபூமிப் பக்கம். நெடுங்கால் உள்ளான் மட்டும் போகாது. உப்பளத்து வரப்பிலேயே முட்டையிடும். காலடியைப் பார்த்து நடக்கச் சொன்னதற்கு அதுவும் காரணம்.

கிழக்கே ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் பங்குனி என்றால் பனை. மேற்கே உங்கள் ஊரில் அக்கானி என்று சொல்வதை அங்கே பதநீர் என்பார்கள். பாளை சீவிக் கட்டிய கலயத்தைச் சுற்றித் தேனீயும் எறும்பும் மொய்க்கும். தலைக்கு மேல் மெல்லிய கத்திச் சிறகோடு விர்ரென்று சுழல்வது பனை உழவாரன். காய்ந்து தொங்கும் பனையோலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகை ஒட்டி ஒரு சின்னக் கிண்ணம் செய்யும், அதுதான் கூடு. பழைய ஓலையைச் சுத்தமாகக் கழித்துவிட்ட மரத்தில் அதற்கு இடமில்லை. கீழே, ஓட்டு வீட்டின் தாழ்வாரத்து மழை படாத பொடி மண்ணில் புனல் புனலாகக் குழி இருக்கும். குழியானை. ஒரு எறும்பு சறுக்கி விழுந்ததும் அடியிலிருந்து மண்ணை வாரி அடிக்கும். பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது. அது தட்டான் மாதிரி இருக்கும் ஒரு பூச்சியின் புழு. பின்னோக்கி மட்டுமே நடக்கும். புழுப் பருவம் முழுக்கக் கழிவை வெளியே விடாமல் சேர்த்துவைத்து, சிறகு முளைத்த பிறகுதான் வெளியேற்றும். மழை வந்தால் மண் கெட்டியாகிவிடும், அதனால் இந்தக் காய்ந்த மாதங்கள்தான் அதற்குப் பொற்காலம்.

பார்க்க முடியாமல் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்த மாதங்களில் வேலிக்கு வேலி முள்முருக்கு சிவந்து நிற்கும். நல்லமிளகுக் கொடி படரவிட அதைத்தான் நடுவார்கள். இலையில்லாமல் பூ மட்டும், ஒவ்வொரு கிளையிலும் மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டும். 2005 வாக்கில் இந்தியாவிலேயே முதலில் கேரளத்தில் கண்டறியப்பட்ட ஒரு குளவி, எள்ளைவிடச் சின்னது, தளிரிலும் காம்பிலும் முட்டையிட்டு இலையை முடிச்சு முடிச்சாக வீங்கவைத்தது. சில வருடங்களில் வேலியெல்லாம் பட்டுப்போனது. மிளகுக்கு வேறு மரம் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பறவைகளுக்கு இன்று மிச்சமிருப்பது அங்கங்கே நிற்கும் முள்ளிலவு மரங்கள். உங்கள் பக்கத்தில் உயிரோடு ஒரு முள்முருக்கு நின்றால் அதன் கொம்பு ஒன்றை வாங்கி வேலியில் நட்டுவையுங்கள்.

காட்டுக்குள் போக காளிகேசம், கீரிப்பாறை வழி. வனத்துறை அனுமதி இருக்கும் இடத்துக்கு மட்டும், பகலில். நாங்கு மரம் அப்போது இரத்தச் சிவப்பில் தளிர்விட்டிருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் பூ என்றே தோன்றும். சீவீட்டின் (சில்வண்டின்) இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. மரத்தண்டில் அது கழற்றிப் போட்ட கூடு, முதுகு பிளந்து, கால் நகம் வரை அப்படியே ஒட்டியிருக்கும். ஓடைக்கரையில் ஆரஞ்சு நிறத்தில் கருப்பு ஓரமிட்டு ஒரு பட்டாம்பூச்சி பறந்தால் அது தமிழ் மறவன். 2019-ல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். மரோட்டி மரத்து இலை அதன் புழுவுக்குச் சாப்பாடு.

சரி, இப்போது உங்கள் வண்டு. உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மினுமினுப்புக் குறைந்த கருப்பு. அதன் பூர்வீகச் சாப்பாடு சருகு. ரப்பர் தோட்டம் சருகை மலைபோலக் கொட்டியதும் அதற்குக் கொண்டாட்டம். தை, மாசியில் தோட்டத்துச் சருகுக்குள் முட்டையிடும், புழுக்கள் அங்கேயே தின்று வளரும். காய்ந்த இலையைவிட, முற்றாமல் உதிர்ந்த இளம் இலை அதற்கு மிகவும் பிடிக்கும். மாசிப் பனியில் சாம்பல் நோய் வந்து தளிர் உதிர்கிறதே, அதெல்லாம் இதற்குத் தீனி. பங்குனிக் கடைசியில் தோட்டம் முழுக்கப் புதிய வண்டு நிறைந்துவிடும். முதல் கோடை மழை அடித்துச் சருகு நனைந்த இரவு, அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி வெளிச்சம் தெரிகிற வீட்டுக்கு வரும். மழைக்காலம் முழுக்க ஒண்டிக்கிடக்கக் காய்ந்த இருட்டு இடம் வேண்டும், அதற்குத்தான். ஓட்டுக்கு அடியிலும் மச்சிலும் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டு ஏழெட்டு மாதம் அநேகமாக ஒன்றும் தின்னாமல் உறங்கும்.

கடிக்காது. ஆனால் நசுக்கினால் நாற்றமடிக்கும் ஒரு நீர் விடும், தோலில் பட்டால் எரிந்து புண்ணாகும். ஒருமுறை தூக்கத்தில் கழுத்தில் ஊர்ந்ததைத் தேய்த்துவிட்டு நான்கு நாள் தழும்போடு திரிந்தேன். அதனால் துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டி, சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளுங்கள். மருந்து அடித்தால் மச்சிலிருந்து உங்கள் தலையில்தான் விழும். முதல் மழை பெய்யும் சாயங்காலம் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பல்பைப் போட்டு, அடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். அதே பல்புக்கு ஈசலும் வரும். இறகை உதிர்த்துவிட்டு ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டிரண்டாக நடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், புது ராஜாவும் ராணியும் குடியிருக்க இடம் தேடிப் போகிறார்கள்.

மிச்சமிருக்கும் வண்டுகள் மேலே உறங்கட்டும். மார்கழியில் ஒருநாள் மச்சில் டார்ச் அடித்துப் பாருங்கள், குறையத் தொடங்கியிருக்கும். அதே வாரம் தோட்டத்துப் பக்கம் போனால் ரப்பர் இலை மஞ்சளாகியிருக்கும்.